ஃபைட்டர் இன்னும் சாப்பிடவில்லை

நாய்க்குட்டி வேண்டும் என்று நான் அழுது புரண்டதன் பலனாக எங்கள் வீட்டுக்கு ஒரு மீன் வந்து சேர்ந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மந்தைவெளியில் ஒரு பழைய அடுக்குமாடியின் இரண்டாவது தளத்தில் நாங்கள் குடியிருந்தோம். நாங்கள் என்றால் அம்மாவும் நானும். அப்பா அதற்குச் சில மாதங்கள் முன்னால் பெருங்குடியில், தன் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஓ.எம்.ஆர். டிராபிக்கில் தினமும் போய்வர முடியவில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். எதிர்வீட்டு அங்கிள் பெருங்குடியையும் தாண்டி சிறுசேரி வரை தினமும் போய்விட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிக்கொண்டுதான் இருந்தார். அதை நான் இதோடு சேர்த்து யோசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் அப்பா நேராக மாதா கோவிலுக்கு வந்துவிடுவார். பெஞ்சில் நடுவில் நான், எனக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா. பூசை முடிந்து வாசலில் பங்கு மக்கள் நலம் விசாரிக்கும்போது அம்மா எல்லோரிடமும் சிரித்துப் பேசுவாள். பிறகு நாங்கள் ஆட்டோவில் ஏறுவோம். அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போவார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைக் கண்ணாடியில் தொங்கிய பிளாஸ்டிக் பையை அப்பா என் கையில் கொடுத்தார். உள்ளே நீல உடம்பும் சிவப்பு ஓரம் வைத்த வாலுமாக ஒரு மீன். பெட்டா என்பது அதன் பெயர், கடையில் ஃபைட்டர் என்பார்கள், இன்னொரு ஃபைட்டரோடு விட்டால் சண்டை போட்டுக் கிழித்துவிடும், அதனால் எப்போதும் தனியாகத்தான் வைக்கவேண்டும் என்று விளக்கினார்.

"நாய் மாதிரியே இதுவும் உன்னை அடையாளம் கண்டுக்கும் பாரு. நீ கிட்ட போனாலே ஓடி வரும்" என்றார்.

அம்மா பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதை யாரு பாத்துக்கறதுன்னு கேளு" என்று என்னிடம் சொன்னாள். அப்பா ஓரடி தூரத்தில்தான் நின்றிருந்தார். அந்த நாட்களில் அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் என் வழியாகத்தான். எனக்கு அது பழகிப்போயிருந்தது. பெரியவர்களின் காது கொஞ்சம் மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா போனில் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் நான் முறைப்படி செய்தேன். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறவைக்கும் பெரிய கண்ணாடி ஜாடியை அம்மாவிடம் கெஞ்சி வாங்கினேன். குளோரின் வாடை போகட்டும் என்று மெட்ரோ குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தேன். பையை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றான பிறகு மீனை மெதுவாக உள்ளே விட்டேன். குதித்துவிடுமாம், அதனால் ஓட்டை போட்ட அட்டையால் மூடினேன். இவ்வளவு மரியாதை செய்து உள்ளே விட்ட மீன் நேராக அடியில் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டது.

கடைக்காரர் கொடுத்த சிவப்புக் குருணை உணவு கடுகைவிடச் சிறியது. ஒன்றைப் போட்டேன். மீன் மேலே வந்தது, வாயில் வாங்கியது, துப்பியது, திரும்பப் படுத்துக்கொண்டது. அடுத்ததையும் துப்பியது. அதற்கடுத்ததை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே. சாப்பிடாத குருணைகள் அடியில் ஊறி உப்பி, தண்ணீர் கலங்கி, ஜாடியிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. தண்ணீரை மாற்றினேன். மாற்றிய தண்ணீரைக் கண்டு மீன் மிரண்டு இன்னும் ஒடுங்கியது.

நான் சும்மா இருக்கவில்லை. ஜாடியை டிவி பக்கத்திலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து சாப்பாட்டு மேசைக்கும் மாற்றினேன். கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டேன். இட்லியில் ஒரு துணுக்கு போட்டேன். முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினேன். அப்போது மட்டும் செவுளை விரித்து, வாலைச் சிலிர்த்து, தன்னையே அடிக்கப் பாய்ந்தது. சண்டைக்குத் தெம்பிருந்தது, சாப்பிடத்தான் மனமில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அம்மா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்ப்பதுபோல ஜாடியைப் பார்ப்பாள். "விடு. பசிச்சா தானா சாப்பிடும். நீ போய்த் தட்டுல இருக்கறதைச் சாப்பிடு" என்பாள்.

கடைசியில் அப்பாவுக்குப் போன் செய்து அழுதேன். அன்று சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி வாசலிலேயே நின்றார் அப்பா. வாரநாளில் அவர் வீட்டுக்கு வந்து வெகு நாளாகியிருந்தது. கதவைத் திறந்த அம்மா ஒதுங்கி வழிவிட்டு, "அப்பாவுக்குக் காபி வேணுமான்னு கேளு" என்றாள்.

"வேணும்னு சொல்லு" என்றார் அப்பா, ஷூவைக் கழற்றிக்கொண்டே.

அதற்குப் பிறகு அப்பா அநேகமாக எல்லாச் சாயங்காலமும் வந்தார். வந்ததும் ஜாடி முன்னால் குனிந்து உட்கார்ந்து, "சாப்பிட்டுதா?" என்பார். "இல்ல" என்பேன். போனை எடுத்து எதையாவது படிப்பார். காய்ந்த வாதாம் இலையைத் தண்ணீரில் போட்டால் மீனுக்குப் பயம் தெளியும் என்று ஒரு நாள் படித்தார். இருவருமாகத் தெருவில் போய், ஓட்டையில்லாத சருகாகப் பொறுக்கி வந்து, கழுவிப் போட்டோம். விடிவதற்குள் தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு மாறிவிட்டது.

அம்மா பார்த்தாள். "அது ஏற்கனவே சாப்பிடல. இப்ப டீ வேற போட்டுக் குடுத்தாச்சா?" என்றாள்.

மீன் இலைக்கும் மசியவில்லை. அடுத்து, உயிருள்ள கொசுப்புழுவைக் கண்டால் எந்த ஃபைட்டரும் விடாது என்று அப்பா கண்டுபிடித்தார். புழுவுக்கு எங்கே போவது? வளர்ப்பதுதான் வழி. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, கொஞ்சம் சருகும் போட்டு வைத்தோம். சென்னைக் கொசுக்கள் எங்களைக் கைவிடவில்லை. சில நாட்களில் பக்கெட் முழுக்கக் காற்புள்ளிகள் நெளிந்தன. மறுநாள் சாயங்காலம் வடிகட்டி எடுப்பதாகத் திட்டம். அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் கார்ப்பரேஷனிலிருந்து டெங்கு சோதனைக்கு ஒரு அக்கா வந்தார். கீழ்வீட்டில் பூந்தொட்டித் தட்டுகளைப் பார்த்தார், மேலே போனார், பக்கெட்டோடு இறங்கி வந்தார். யாருடையது என்று கேட்டதற்கு, அன்று பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்ட நான், பெருமையாக, "எங்களுது, மீனுக்கு வளக்குறோம்" என்று சொல்லிவிட்டேன். அம்மா அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்துகொண்டிருந்தாள்.

"இன்னா மேடம், டீச்சரா கீறீங்க. நாங்க தெருத் தெருவா போய் இத்தக் கொட்டிக்கினு கீறோம், நீங்க பக்கெட் வச்சு வளத்துக்கினு கீறீங்களே" என்றார் அந்த அக்கா. கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். ஒவ்வொரு தளத்திலும் கதவு திறந்தது. என் கண்ணெதிரே எல்லாப் புழுவும் வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் கொட்டப்பட்டு, மேலே பிளீச்சிங் பவுடரும் விழுந்தது.

வீட்டுக்குள் வந்த அம்மா கைப்பையைக்கூட வைக்காமல் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"கொசு வளக்கற டீச்சர்னு பேர் வாங்கியாச்சு. சந்தோஷமா? ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னா என்ன? எதையுமே சொல்றதில்ல. எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணிக்க வேண்டியது, கடைசில பதில் சொல்றதுக்கு மட்டும் நான்."

அது பக்கெட்டைப் பற்றிய பேச்சு என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அம்மா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினாள். ஒரு பக்கெட்டைப் பற்றி அவ்வளவு நேரம் என்ன பேசமுடியும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மீன் பட்டினி கிடக்கிறது, அதைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை.

அடுத்த நாள் அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார், ஐஸில் உறையவைத்த புழுப் பொட்டலம் ஒன்றோடு. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் சொல்லி அனுப்பாமல் நேராகவே அவரிடம் கேட்டாள். "என் ஃப்ரீசர்ல புழுவா?"

"அங்க வஞ்சிரம் இருக்குல்ல. மீன் இருக்கற இடத்துல மீன் சாப்பாடு இருந்தா என்ன?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். பொட்டலம் வஞ்சிரத்துக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்தது. ஃபைட்டர் அதையும் தொடவில்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலை, எங்கள் வேன் ராயப்பேட்டையைத் தாண்டிய பிறகுதான் விடுமுறை என்று அறிவித்தார்கள். வேன்காரர் அலுத்துக்கொண்டே திருப்பி ஓட்டி வந்து எங்களை வீடுவீடாக இறக்கிவிட்டார். நனைந்த ஷூ சளக் சளக்கென்று சத்தம் போட நான் மாடியேறியபோது எங்கள் வீட்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே அம்மாவின் குரல் கேட்டது.

"ம், வா. சீக்கிரம் வா. எனக்கும் நேரமாகுது."

எட்டிப் பார்த்தேன். பள்ளிக்குக் கட்டிய புடவையோடு அம்மா ஜாடிக்கு முன்னால் நின்றிருந்தாள். விரல் நுனியில் ஒரு சிவப்புக் குருணை. ஃபைட்டர் மேலே வந்து, வாலை ஆட்டிக்கொண்டு, தண்ணீரைவிட்டு எழும்பி விரலிலிருந்தே அதைப் பிடுங்கிக்கொண்டது. துப்பவில்லை. அடுத்ததுக்குக் காத்திருந்தது. அம்மா போட்டாள், அது விழுங்கியது. இன்னும் இன்னும் என்று போட்டுக்கொண்டே இருந்தாள். மிகவும் பழகிய மீனும் மனுஷியுமாக இருந்தார்கள்.

அட்டையை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அம்மா போனை எடுத்தாள்.

"இல்லங்க. இன்னும் சாப்பிடல. நேத்து மாதிரியேதான் கிடக்குது. மழையா இருக்கே, வர முடியுமா? … முடிஞ்சா வந்து பாருங்க."

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஏன் வந்துட்ட?"

"லீவு விட்டுட்டாங்க. மீன் சாப்பிட்டுச்சே."

"ஷூவைக் கழட்டு முதல்ல. வீடெல்லாம் ஈரம்."

"அப்பாகிட்ட சாப்பிடலன்னு சொன்னியே."

"அது ஒரு சாப்பாடா? கொறிச்சுது" என்றாள் கணக்கு டீச்சர்.

அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை. எத்தனை நாட்களாக இது நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். நான் வேனில் ஏறிய பிறகு அம்மா கிளம்ப இன்னும் நேரம் இருக்கும். காலையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, சாயங்காலம் நானும் அப்பாவும் முழங்கால் வலிக்க உட்கார்ந்து கெஞ்சும்போது அந்த மீன் படுத்துக் கிடந்திருக்கிறது. மீனின் மேல் வந்த கோபத்தைவிட அம்மாவின் மேல் அதிகம் வந்தது. பாவம் அப்பா, மழையில் நனைந்துகொண்டு பெருங்குடியிலிருந்து வருகிறார்.

சாயங்காலம் மழைக்கோட்டு சொட்டச் சொட்ட அப்பா வந்தார். ஜாடி முன்னால் உட்காரும் முன்பே நான் போட்டுடைத்துவிட்டேன்.

"அப்பா, அது சாப்பிடுது. தினமும் காலைல அம்மாதான் போடறாங்க. நமக்குச் சொல்லவே இல்ல."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா குனிந்து மீனைப் பார்த்தார். சண்டை வரும் என்று காத்திருந்தேன்.

"அதான் வயிறு கொஞ்சம் உருண்டிருக்கேன்னு பாத்தேன்" என்றார்.

"எப்ப பாத்தீங்க?"

"போன வாரமே."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. போன வாரமே பார்த்தவர், அதற்குப் பிறகும் தினமும் வந்து என்னிடம் "சாப்பிட்டுதா?" என்று கவலையாகக் கேட்டிருக்கிறார். அப்படியானால் இந்த வீட்டில் அந்த மீனுக்காக உண்மையாகக் கவலைப்பட்டவள் நான் ஒருத்திதான்.

அம்மா இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, மற்றதோடு தானும் ஜாடிப் பக்கம் நின்றாள். "மழை விடற மாதிரி தெரியல. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். அப்பா தலையாட்டினார். இருவரும் மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பாவின் பெட்டிகள் பொங்கல் விடுமுறையில் திரும்பி வந்தன. ஏன் போனார், என்ன சொல்லித் திரும்பி வந்தார் என்பதை இன்றுவரை அவர்கள் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவர்களுக்குள் ஏதோ இருந்தது என்பதே எனக்கு உறைக்க இன்னும் பல வருடங்கள் ஆயின.

எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த மழை நாளுக்கு மறுநாள்தான். இனி ஒளிவு மறைவு எதற்கு என்று, பள்ளி விட்டு வந்ததும் அம்மா மாதிரியே நானும் குருணையை விரலில் வைத்து நீட்டினேன். ஃபைட்டர் எழும்பிப் பிடுங்கித் தின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. விஷயம் முடிந்தது, இனி அப்பா அலைய வேண்டியதில்லை என்று நிம்மதியாக டிவி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

காலிங் பெல் அடித்தது. அப்பா உள்ளே வந்து, ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு, என்னைத் தாண்டி அடுக்களையைப் பார்த்துக் கேட்டார்.

"சாப்பிட்டுதா?"

"எங்க சாப்பிட்டுது" என்று உள்ளிருந்து அம்மா சொன்னாள்.

நான் வாயைத் திறந்தேன். பிறகு, இவர்களுக்கு எத்தனை முறைதான் சொல்வது என்று அலுத்துப்போய், டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.