சம்பந்தியிடம் நான் கேட்டது

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஏழு, வளர்த்து ஆளாக்கியது ஐந்து. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நான் சொல்லச் சொல்ல, மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள்.

கடைசி மகனுக்கு மலைக்குக் கீழே ஆபீஸ் வேலை. பெண்ணும் அங்கேயே பார்த்துக்கொண்டான். கல்யாணத்துக்கு இங்கிருந்து ஒரு பஸ் நிறையப் போனோம்.

மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டில் முறை உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் கேலி பேசியே ஆக வேண்டும். பேசாமல் இருந்தால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பெண்ணின் அம்மா எனக்கு நங்கை, அதாவது அண்ணி முறை. மாப்பிள்ளையைப் பெற்றவள் நான்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். தாலி கட்டி முடிந்திருந்தது. அவர் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க நங்கை, அண்ணன் பட்டப்பகல்ல இப்படித் தூங்கறாரே, ராத்திரி நீங்க தூங்கவே உடலீங்களா?"

மலையில் என்றால் பதில் இதைவிடக் காரமாக வரும். "உங்க ஊட்டுக்காரராட்டம் படுத்ததும் கொறட்டை உடறவரு இல்லீங்க" என்று என்னையே கவிழ்த்திருப்பார்கள். பிறகு இருவரும் சிரித்து ஒரே தட்டில் வெற்றிலை எடுப்போம். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்த அம்மாள் முகம் கறுத்து எழுந்து போய்விட்டார்.

"ஐயோ, பாட்டி நான்வெஜ்ஜா பேசுது!" என்றாள் பக்கத்திலிருந்த ஒரு பெண்.

அது நல்ல சொல் இல்லை என்று போனவரின் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். மிச்சத்தைப் பேத்திதான் பிறகு சொன்னாள்: "பச்சையான ஜோக்குக்கு அப்படித்தான் பேரு அம்மாயி. காலேஜ்ல எல்லாரும் சொல்லுவாங்க." அந்தக் கல்யாணத்திலேயே பின்வரிசையில் பையன்கள் போனைப் பார்த்து, "செம நான்வெஜ்டா" என்று தோளில் தட்டிச் சிரித்ததை நானும் கேட்டேன். அங்கே அது பாராட்டு. என் வாயில் வந்தால் அசிங்கம். கிடா வெட்டிச் சாமிக்குப் படைத்து, வந்தவர்களுக்கு முதல் பங்கு வைக்கிறவர்கள் நாங்கள். அந்தக் கறியின் பேரை எதற்கு இதற்குப் போய் வைத்தார்களோ.

மகன் வந்தான். "வாய மூடிட்டு உக்காரும்மா. மானம் போவுது."

சாமைக்காட்டில் களை எடுக்கும்போது நாங்கள் பேசிய பேச்சைக் கேட்டு வரப்பில் உருண்டு உருண்டு சிரித்தவன் அவன்.

பேரன் பிறந்தபோது பார்க்கப் போனேன். அந்த நங்கையும் இருந்தார். கேலியை எடுத்துவிட்டால் அவரிடம் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. மழை பெய்ததை ஒரு தடவை சொன்னேன். அவ்வளவுதான். கிளம்பும்போது மகன் பெண்டாட்டியிடம் சொன்னது காதில் விழுந்தது: "அம்மா இப்ப நல்லா மாறிட்டாங்க."

இத்தனை சந்தோஷமாக அவன் என்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறி வரும்போது அழுதேன். தலைசுற்றல் என்று நினைத்து யாரோ எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். வாங்கி முகர்ந்துகொண்டேன்.

இப்போது பேரனுக்குக் காதுகுத்து. நேற்று மகன் போன் செய்தான்.

"வாம்மா. போன தடவையாட்டம் அமைதியா இருந்தாப் போதும்."

"வரல சாமி. முழங்கால் வலி."

ஒரு தடவை கட்டாயப்படுத்துவான் என்று நினைத்தேன். "சரிம்மா, ஒடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டான். ஒரு பாரம் இறங்கிய நிம்மதி அவன் குரலில் எனக்குத் தெரிந்தது. அடுத்த விசேஷத்துக்குச் சொல்ல மாட்டான். அந்தக் குழந்தைக்கு நான் யாரோதான்.

முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. போய் ஊமையாக உட்கார என்னால் முடியாது.

பேத்தி நோட்டை மூடப் பார்க்கிறாள்.

"இரு கண்ணு. நங்கைகிட்ட நான் கேட்டத அப்படியே எழுதுனியா, இல்ல நீயும் உட்டுட்டியா? மொதல்ல இருந்து படி, கேக்கறேன்."