லைசென்ஸ் போனதால் குறையும் பிரீமியம்

குடித்துவிட்டு ஓட்டியதற்காகத் தண்டனை பெற்று, ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கப்பட்டவரின் காருக்கும் இன்சூரன்ஸ் உண்டு. இன்று காலை மேற்குத் தாம்பரத்தில் ஏஜென்ட் ஷகிலா உறுதிசெய்த தகவல் இது.

கார் என் பக்கத்து வீட்டு பாஸ்கருடையது. பாலிசி இன்று நள்ளிரவோடு முடிகிறது. நாளை முதல் அதைக் கூடுவாஞ்சேரிப் பள்ளிக்கு ஓட்டிச் செல்லப்போகிறவர் ஆசிரியையான அவர் மனைவி மேரி. புதுப்பிக்க மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் இருவரும் என்னையும் அழைத்துப் போனார்கள்.

ஷகிலா காரைப் பற்றி மட்டுமே கேட்டார். பாஸ்கர்தான் தானாக விஷயத்தைச் சொன்னார்.

"லைசென்ஸ் இல்லன்னா, ஓட்டுற ஓனருக்கு அடிபட்டா பணம் தர்ற விபத்து கவர் தேவையில்ல சார். பிரீமியம் குறையும்," என்றார் ஷகிலா.

"நான் குடிச்சதுக்கா குறைக்கிறீங்க?"

"ஐயோ சார், வெளிய அப்படிச் சொல்லாதீங்க!"

"இதுல சிரிப்பு வேற," என்றார் மேரி, சிரித்த கணவரிடம்.

"லைசென்ஸ் திரும்பி வந்தா?" என்று கேட்டார் பாஸ்கர்.

"ஏறிடும் சார்."

முடக்கப்பட்ட லைசென்ஸ், இல்லாத லைசென்ஸாகுமா என்பதில் ஷகிலாவுக்கே சந்தேகம். கம்பெனியிடம் கேட்டிருக்கிறார். பதில் மாலை ஐந்து மணிக்குள் வருமாம். அதன் பிறகே பாலிசி.

சாவி இப்போதே மேரியின் கைப்பையில்.

இதில் தண்டனை எது, சலுகை எது? புரிந்தவர்கள் ஐந்து மணிக்குள் சொல்லுங்கள்.