வல்லூறுக்காக ஒரு மிஸ்டு கால்

இன்று கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பஸ்ஸில் போனில் ஒரு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதுகில் டிரான்ஸ்மிட்டர் கட்டிய ஓர் அமூர் வல்லூறு. இந்த வருடம் பொரிந்த குஞ்சு. முதல் முறையாக ஆப்பிரிக்காவுக்குப் பறக்கிறது. நேற்று கோவாவைத் தாண்டிக் கடலுக்குள் போனது. அதன் பிறகு சிக்னல் இல்லை.

பக்கத்து சீட்டில் இருந்த, பரங்கிப்பேட்டைக்குப் போகும் அக்கா ஒருவர் எட்டிப் பார்த்து விசாரித்தார். சொன்னேன்.

"அதோட அம்மா கூடப் போவலியா?"

"இல்லக்கா, தனியாத்தான் போவுது."

"கடல் மேல ஏது சிக்னல்? எறங்குனாத்தான் தெரியும்."

சாட்டிலைட்டுக்குக் கடலும் கரையும் ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா ஞாபகம் வந்தது.

அப்பா முதன்முதலாக துபாய் போன அன்று அம்மாவும் இதையேதான் சொல்லிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு ரிங் அடித்து நின்றால் அப்பா இறங்கிவிட்டார் என்று அர்த்தம். நாங்கள் யாரும் எடுக்க மாட்டோம். அந்த ஒரு ரிங்குக்கே அம்மா அழுதாள்.

பஸ் மாற முட்லூரில் இறங்கும் முன் அக்கா தன் நம்பரை என் போனில் அடித்துக் கொடுத்தார்.

"அது போய் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு தம்பி. நான் எடுக்க மாட்டேன்."

பெயர் கேட்க மறந்துவிட்டேன். 'வல்லூறு அக்கா' என்று சேமித்திருக்கிறேன். வரைபடத்தில் புள்ளி இன்னும் கோவா பக்கமே நிற்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு ரிங். உங்கள் வீட்டில் எத்தனை?