தாய்மாமன் வீட்டுக்குப் போன முதல் பத்திரிகை

என் பெயர் ஜெயராணி. கடலூர் முதுநகரில் இருக்கிறோம். ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். என் கணவர் அருள், குடிகாடு பக்கம் கெமிக்கல் கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வெல்டர். பிரின்சி, ஏஞ்சல் என்று இரண்டு பெண் பிள்ளைகள். கடன் தீர வேண்டும் என்று ஆண்டவரிடம் அழுதவள் நான். அது தீர்ந்தது. ஆனால் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வழியில் தீரவில்லை. வாங்கிக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். அதனால்தான் நம் கோவில் பங்கு மக்களுக்கு இதை எழுதுகிறேன்.

கொரோனா முடிந்து எல்லோரும் மூச்சு விட்ட வருடத்தில்தான் எங்களுக்கு மூச்சு முட்டியது. காலை ஷிப்டுக்கு வண்டியில் போன அருள், குறுக்கே ஓடிய நாயைத் தப்பவைக்கப் பார்த்து ரோட்டில் விழுந்தார். கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். காண்ட்ராக்ட் ஆளுக்கு வேலைக்குப் போனால்தான் கூலி. மாதக்கணக்கில் அவர் கட்டிலில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்காக ஒரு பர்சனல் லோன். வீட்டுச் செலவுக்காக மகளிர் குழுவில் ஒரு லோன். இரண்டுக்கும் தவணை கட்டுவதற்காக என் நகை எல்லாம் அடகுக்குப் போனது.

வங்கிக்காரர்கள் போனில்தான் திட்டுவார்கள், போனைக் கவிழ்த்து வைத்துவிடலாம். குழுக்கடன் அப்படி இல்லை. வாரா வாரம் காலையில் பெண்கள் எல்லோரும் ஒரு வீட்டில் கூட வேண்டும். ஒருத்தி தவணை கொண்டுவரவில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து போட்டால்தான் வசூல்காரர் எழுந்து போவார். ஒரு வாரம் என் தவணையைப் பக்கத்து வீட்டுக்காரி போட்டாள். போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே போனாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று கடையில் மாத்திரை ரேக்குக்குப் பின்னால் நின்று அழுதேன். வாழ்க்கை இனி இவ்வளவுதான் என்று தோன்றிவிட்டது.

அத்தனை நெருக்கடியிலும் ஒன்றே ஒன்றைத் தொடாமல் வைத்திருந்தோம். பிரின்சி ஏழாம் வகுப்பு படிக்கும்போது அவள் நர்சிங் படிப்புக்கென்று போஸ்ட் ஆபீசில் மாதா மாதம் கட்டுகிற ஆர்.டி. போட ஆரம்பித்தோம். அருளுக்கு ஓவர்டைம் கிடைத்த காலம் அது, தொகை கொஞ்சம் கூடுதலாகவே போட்டோம். பிளஸ் டூ முடிக்கும்போது முதிரும். முதல் வருட ஃபீசுக்கு அது போதும்.

செவ்வாய்க்கிழமை தவறாமல் கோவிலில் அந்தோணியார் நவநாள் செபத்துக்குப் போவேன். எனக்கு அமைதியாகச் செபிக்க வராது. சண்டைதான் வரும். "ஊரார் தொலைச்ச சாவியெல்லாம் தேடிக் குடுக்கறீங்க, எங்க வீட்டுக்கு மட்டும் கண்ணு தெரியலியா? எங்கேருந்து வந்தாலும் சரி, எனக்குப் பணம் வந்தாவணும்" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்து வருவேன்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை கோவிலில் இருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. சின்னவள் ஏஞ்சலுக்கு அந்த மே மாதம் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதைப் பெரிதாக வைத்தால் என்ன? மண்டபம் பிடித்து, பிரியாணி போட்டு, பத்திரிகை அடித்து எல்லோரையும் அழைத்தால் மொய் வருமே! கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று நாங்கள் ஊர் ஊராகப் போய் எழுதிய மொய் கொஞ்சமா? எங்கள் வீட்டில் விசேஷம் நடந்தே வருடக்கணக்கு ஆகிறது. கொடுத்ததெல்லாம் திரும்பினாலே குழுக்கடன் முடிந்துவிடும். தாய்மாமன் சீராக என் அண்ணன் எப்படியும் ஒரு செயின் போடுவான். அதை வைத்து இன்னொரு பக்கம் அடைக்கலாம். வழி காட்டிவிட்டார் என்று அந்தோணியார் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். நம் பக்கத்தில் கடன் முற்றிய வீட்டில் எல்லோருக்கும் வருகிற யோசனைதான் இது. எனக்கு மட்டும் அது தெய்வம் சொன்னதாகத் தெரிந்தது.

விசேஷத்துக்கு முதலில் கையில் பணம் வேண்டுமே? பிரின்சியின் ஆர்.டி.யை உடைப்பது, மொய் வந்ததும் முதல் வேலையாகத் திரும்ப வைப்பது என்று முடிவு செய்தேன். அருளுக்கு அரை மனது. ஆனால் கட்டிலில் கிடக்கிற மனிதர் என்ன பேசுவார்? "நீ பாத்துக்க" என்றார். பிரின்சி அப்போது பிளஸ் ஒன் முடித்திருந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, "பரவால்லம்மா, நான் பி.ஏ.வே படிச்சிக்கிறேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "ஒரு மாசத்துல திரும்ப வெக்கப்போறேன், அதுக்குள்ள பெரிய மனுஷி மாதிரி பேசாத" என்று அவளைத்தான் திட்டினேன்.

பத்திரிகை வந்தது. எங்கள் வழக்கத்தில் பிள்ளைகளின் விசேஷத்துக்கு முதல் பத்திரிகை தாய்மாமன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே தட்டு வைத்துக் கொடுக்காமல் வேறு யாருக்கும் நீட்டக்கூடாது. நீட்டினால் தாய்மாமன் கோபித்துக்கொண்டு வராமலே இருந்துவிடுவார். என் அண்ணன் சகாயராஜ் சிதம்பரத்தில் சமையல் மாஸ்டர், ஆர்டர் எடுத்துச் செய்கிறவன். ஞாயிறு பூசை முடிந்ததும் பழம், பூ, இனிப்பு, பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மறுநாள் போஸ்ட் ஆபீசுக்குப் போவதாகத் திட்டம்.

அண்ணன் புவனகிரியில் ஒரு ஆர்டருக்குப் போயிருந்தான். லூர்து அண்ணி மட்டும் வீட்டில் இருந்தார்கள். தட்டை வாங்கி மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தார்கள்.

"அடுத்த மாசமேவா ஜெயா? சரி, அப்ப நாளைக்கே நான் பேங்க்குக்குப் போயிட்டு வந்துடறேன்."

"பேங்க்குக்கு எதுக்கு அண்ணி?"

"தாய்மாமன் வெறுங்கையோட வந்து நிக்க முடியுமா? ஒரு பவுன்லயாவது செயின் போட வேணாமா? இந்தக் கம்மலையும் ரெண்டு வளையலையும் வெச்சா கெடைக்கும். உங்கண்ணன்கிட்ட மூச்சு வுட்றாத. அவுரு குழுவுல லோன் போட்டுக்கலாம்னு நிப்பாரு. வாராவாரம் கட்டறதெல்லாம் இப்ப நம்மளால ஆவாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். என்னைக் குத்திக்காட்டுகிற எண்ணம் துளியும் இல்லை. தாய்மாமன் வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்வதில் அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

"உங்களுக்கும் கடன் இருக்கா அண்ணி?" என்று கேட்டேன்.

"நல்லா கேட்ட போ. கொரோனால ஆர்டர் எல்லாம் நின்னுச்சே, அப்ப மளிகைக் கடையில வெச்ச பாக்கியே இன்னும் முடியல. கட்டிக்கிட்டுதான் இருக்கோம். அத வுடு. பாப்பாவுக்கு என்னா டிசைன் புடிக்கும்?"

எங்கிருந்து வந்தாலும் சரி என்று கேட்டேனே, இதோ வரப்போகிறது. அண்ணியின் காதிலிருந்து. அண்ணியே இப்படி என்றால் நான் பத்திரிகை நீட்டப்போகும் மற்ற வீடுகளில் மட்டும் என்ன வாழுகிறதாம்? அவர்களும் எனக்கு எழுத வேண்டிய மொய்க்காக யாரிடமாவது போய் நிற்பார்கள். அதை வாங்கி என் கடனை அடைத்துவிட்டு அந்தோணியாருக்கு நன்றி வேறு சொல்லியிருப்பேன்!

எழுந்து போய் மாதா படத்துக்கு முன்னால் இருந்த பத்திரிகையை எடுத்துக்கொண்டேன். "விசேஷம் வேணாம் அண்ணி" என்றேன்.

அண்ணி பயந்துவிட்டார்கள். "ஐயோ, நான் ஏதாச்சும் தப்பா பேசிட்டனா ஜெயா?" என்று கையைப் பிடித்தார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது. லோன், அடகு, ஆர்.டி., பிரின்சி பி.ஏ. படிக்கிறேன் என்றது, ஒன்று விடாமல் அழுதுகொண்டே சொன்னேன். அண்ணியும் அழுதார்கள். அப்புறம் இருவரும் முகம் கழுவிவிட்டு டீ குடித்தோம்.

மாலையில் அண்ணன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. "இவ்ளோ கெடக்கு, ஒரு போன் பண்ண முடியாதா ஒனக்கு? மச்சானாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினான். கத்தி ஓய்ந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, "என் கையிலயும் ஒண்ணும் இல்லியே" என்றான். அண்ணிதான் நடுவில் புகுந்தார்கள்.

"பணம் இல்லன்னா என்னாங்க? ஒவ்வொரு ஆர்டர்லயும் நெய் எங்க போச்சு, முந்திரி எங்க போச்சுன்னு வந்து பொலம்பறீங்க இல்ல? ஸ்டோர் ரூமுக்கு இவள கூட்டிக்கிட்டுப் போங்க. மாத்திரை அட்டைய எண்ணி எண்ணிப் பழகுனவ. அவ கையத் தாண்டி ஒரு ஏலக்கா போவாது."

விசேஷ வீட்டுச் சமையலில் ஸ்டோர் ரூம்தான் உயிர். வந்த சாமானை எண்ணி வாங்கி, கேட்கும்போது அளந்து கொடுத்து, மீந்ததைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அதற்கு நம்பிக்கையான ஆள் இல்லாமல்தான் அண்ணனுக்குக் கை நஷ்டம் ஆகிக்கொண்டிருந்தது. என்னை ஒரு முறை பார்த்தான். "கூலி குடுத்துடுவேன். தங்கச்சின்னு ஓசியில வேலை வாங்க மாட்டேன்" என்றான். நான் பணம் கேட்டுப் போன வீட்டில் ஆண்டவர் எனக்கு வேலை வைத்திருந்தார்.

வீடு திரும்பி அருளிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "தாய்மாமன் வூட்டுக்கு மட்டுந்தான குடுத்த? அப்ப வேற யாருக்கும் தெரியாது. வுடு, தப்பிச்சோம்." அந்த வழக்கம் மட்டும் இல்லையென்றால் நான் பாதி ஊருக்குப் பத்திரிகை கொடுத்து, ஆர்.டி.யையும் உடைத்துவிட்டு அல்லவா சிதம்பரம் போயிருப்பேன்? தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் அதைத் தேவனுடைய கை என்றுதான் சொல்வேன்.

ஏஞ்சலின் புதுநன்மை எளிமையாக நடந்தது. வெள்ளை கவுன் தெரிந்த வீட்டுப் பிள்ளை போட்டது. பூசை முடிந்து கோவிலில் கொடுத்த பொங்கலைச் சாப்பிட்டோம். அண்ணியை ஒரு ஜெபமாலைக்கு மேல் எதுவும் கொண்டுவரக்கூடாது என்று மிரட்டி வைத்திருந்தேன். அருளின் தங்கை மட்டும், "என்ன அண்ணி, எங்களுக்கெல்லாம் சாப்பாடு போடப் பயமா?" என்று சீண்டினாள். "ஆமா, நீ தின்னா தாங்குமா?" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். அன்று நான் ஆண்டவரிடம் சண்டை போடவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு முகூர்த்த நாளெல்லாம் எனக்கு வேலை நாள். ஞாயிறு ஆர்டர் இருந்தால் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விடுவேன். அண்டா சூட்டிலும் வெங்காய நெடியிலும் நாள் முழுக்க நின்றால் கால் மரத்துப்போகும். கடைச் சம்பளம் வீட்டுக்கு, ஸ்டோர் ரூம் கூலி கடனுக்கு என்று பிரித்தோம். முதலில் குழுக்கடன் முடிந்தது. அருள் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பர்சனல் லோன் தவணை தவறவில்லை. கடன் கழுத்தை நெரித்த மாதத்தில்கூட ஆர்.டி.யை நிறுத்தவில்லை.

அது முதிர்ந்தபோது மறுபடி ஒரு சோதனை. அந்தத் தொகையை லோனில் போட்டால் வட்டி மிச்சம் என்றார் அருள். கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. "போட்டுட்டு பிரின்சி ஃபீசுக்கு எங்க போவ?" என்று கேட்டேன். ஒன்றை அடைத்து இன்னொன்றை வாங்குகிற சுற்றில்தானே இத்தனை நாள் சுற்றினோம்? இரண்டு பேரும் முழங்காலில் நின்று செபித்தோம். பணம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பிரின்சிக்குச் சிதம்பரத்திலேயே ஒரு கல்லூரியில் நர்சிங் இடம் கிடைத்தது. ஃபீஸ் கட்டும் நாளில் நானும் அவளும் வரிசையில் நின்றோம். நான் பணத்தை எடுத்து நீட்டியதும் அவள் முகம் வாடிவிட்டது. ஆர்.டி. பணம் கடனுக்குப் போயிருக்கும் என்றே அவள் நினைத்திருந்தாள். காதருகே குனிந்து, "யாருகிட்டம்மா வாங்குன?" என்று கேட்டாள்.

"யாருகிட்டயும் வாங்கலடி. இது உன் பணம்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழ ஆரம்பித்தாள். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் அழுதேன். கடனுக்காக எத்தனையோ முறை அழுதிருக்கிறேன். அன்று அழுத அழுகைக்கு மட்டும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆண்டவரே, உமக்கு நன்றி.

இப்போது பர்சனல் லோன் முடிந்துவிட்டது. நகை திரும்பி வந்துகொண்டிருக்கிறது, இன்னும் ஒரு வளையல் பாக்கி. ஏஞ்சல் பெயரில் ஒரு ஆர்.டி. ஓடுகிறது. எங்கள் வயதான காலத்துக்கென்று சின்னதாக இன்னொன்று.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு வாருங்கள். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் நான் இருப்பேன். கடன் எவ்வளவு, யாரிடம் என்று நான் கேட்க மாட்டேன். அதை ஆண்டவரிடம் சொல்லுங்கள், என்னைப் போலச் சண்டை போட்டும் சொல்லலாம், அவர் கோபித்துக்கொள்வதில்லை. எந்த வாசல் வழியாகத் தர வேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.