குடும்பக் குழுவுக்குப் போன ஆறு எண்கள்

எங்கள் வீட்டுக்கு மின்னஞ்சல் முகவரி ஒன்றே ஒன்றுதான். அது மலேசியாவின் ஈப்போ நகரில் இருக்கும் அப்பாவின் இரும்புக் கடையின் பெயரில் இருந்தது. கடைக்கு வரும் விலைப்பட்டியலும் எனக்குப் பல்கலைக்கழகம் அனுப்பும் கடிதங்களும் அதில்தான் வந்து சேரும். சாப்பாட்டு மேசையில் அப்பா எல்லாவற்றையும் உரக்க வாசிப்பார். அதில் யாருக்கும் குறை இருந்ததில்லை. ஒரு சிறுகதை எழுதி முடிக்கும்வரை எனக்கும் இல்லை.

அந்தக் கதையை மாணவர் இதழ் ஒன்றுக்கு அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். அதில் ஓர் இரும்புக் கடைக்காரர் வருகிறார் என்பதால், வீட்டார் அறியாமல் அனுப்ப விரும்பினேன்.

மதியம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் எனக்கென்று புதிய மின்னஞ்சல் கணக்கைத் திறக்கத் தொடங்கினேன். தோழி பரிந்துரைத்த சேவை. விளம்பரம் ஏதுமற்ற வெள்ளைப் பக்கம். பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. நான் தேர்ந்த பெயரை வேறு யாரும் எடுத்திருக்கவில்லை என்று பச்சைக் குறி தோன்றியது. அடுத்து, கைப்பேசி எண் கேட்டது. பள்ளி நாள் முதல் எங்கும் அப்பாவின் எண்ணையே எழுதிப் பழகிய விரல்கள் அதையே தட்டிவிட்டன. சரிபார்ப்புக்கான ஆறு எண்கள் கடையிலிருந்த அப்பாவுக்குப் போயின. அவர் அவற்றை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

“ஏதோ புது ஈமெயிலுக்காம். இது யாருக்கு வந்த நம்பர்?”

விபத்தில் சிக்கிய காரின் எண்ணுக்குக்கூட நான்கு இலக்க லாட்டரி எடுக்கும், கமுந்திங்கில் வசிக்கும் சித்தப்பா முந்திக்கொண்டார்: “ஆறு நம்பர் இருக்கு அண்ணே. முன்னாடி நாலு எடுக்கவா, பின்னாடி நாலா?”

“அடிச்சா எனக்குப் பாதி லா,” என்றார் தைப்பிங்கில் இருக்கும் அத்தை.

எண்கள் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். “எனக்கு வந்தது” என்று குழுவில் எழுதிவிட்டு அவற்றைத் தட்டினேன். கணக்கு திறந்தது. உடனே அப்பா அழைத்தார்.

“ஒனக்கு எதுக்கும்மா தனி ஈமெயில்?”

“ஒரு கதை அனுப்பணும்பா.”

“நம்ம கடை ஈமெயில்லயே அனுப்பலாமே?”

“வேணாம்பா. நீங்க எல்லாருக்கும் வாசிச்சுருவீங்க.”

மறுமுனையில் அப்பா யாருக்கோ இரும்புக் குழாயின் விலையைச் சொல்லிவிட்டு மீண்டும் பேசினார்.

“என்னைப் பத்தியா எழுதியிருக்க?”

“கொஞ்சம்.”

அப்பா சிரித்துவிட்டார். “வில்லனாக்கிடாத லா. சரி, அனுப்பு. கடையில ஆளு நிக்குது.”

அனுப்பினேன். சற்று நேரத்தில், கதை கிடைத்தது என்று என்னைப் பெயர் சொல்லி விளித்து ஒரு பதில் வந்தது. எழுந்து அறைக்குள் நடந்தேன், இருப்புக் கொள்ளவில்லை. திரும்ப உட்கார்ந்து, வேறு யாருக்கு எழுதலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன்.