இரண்டு யானையும் ஒரு டீசல் ஜீப்பும்

மணவறை வாடகைக்கு விடும் தொழிலில் ஒரு விதி உண்டு: மாப்பிள்ளை பிந்தி வந்தால் சிரிப்பார்கள், மணவறை பிந்தி வந்தால் பரம்பரைக்கும் மறக்கமாட்டார்கள். சனிக்கிழமைக் காலைகளை வீட்டுத் தொழிலுக்குப் பறிகொடுத்த பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

வடக்கு லண்டனில், எட்மண்டனில் எங்கள் அம்மா மணவறை வைத்திருக்கிறார். தூண்கள், வளைவு, சிம்மாசனக் கதிரைகள், மேடைக்கு இரும்புச் சட்டங்கள், இரண்டு பக்கமும் நிறுத்த ஆளுயர யானைப் பொம்மைகள் இரண்டு. எல்லாவற்றையும் ட்ரெயிலரில் ஏற்றி, ஒரு கிழட்டு டீசல் ஜீப்பின் பின்னால் கொழுவி, லண்டன் முழுக்க அம்மாவே இழுத்துக்கொண்டு போவார். நான் யுனியில் அரசியல் படிக்கிறேன். சனி ஞாயிறில் ட்ரெயிலருக்குப் பின்னால் நின்று "வாங்கோ, வாங்கோ, நிப்பாட்டுங்கோ!" என்று கத்துவது என் பகுதிநேர உத்தியோகம்.

இதற்கு முன்பு அம்மா ஒரு களஞ்சியத்தில் ஷிப்ட் செய்தவர். ஜீப் நின்றால் தொழில் நிற்கும், தொழில் நின்றால் அம்மா திரும்ப அங்கேதான் போகவேண்டும். ஆகவே நீண்ட நாட்களாக எங்கள் வீட்டில் ஒரே வழக்கு: ஜீப்பைத் திருத்துவதா, மாற்றுவதா?

வாசலில் ஒரு ஓமம்

வால்தம்ஸ்டோவில் ஒரு கலியாணம். மணவறையைப் போட்டு முடித்து, ஜீப்பை வாசலிலிருந்து எடுக்கப் போன நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். நாதஸ்வரம் முழங்குகிறது, ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்கிறார்கள். அம்மா ஜீப்பை ஸ்டார்ட் செய்தார். அது முதலில் இருமியது. பிறகு தொண்டையைச் செருமியது. பிறகு உள்ளே இருந்த கரும்புகை முழுவதையும் மாப்பிள்ளையின் பட்டு வேட்டிப் பக்கமாகத் துப்பியது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை விட்டுவிட்டு மூக்கைப் பொத்தினார்.

காற்று மாசைப் பற்றி அந்தக் கிழமைதான் வகுப்பில் எழுந்து நின்று முழங்கியிருந்தேன். என்னோடு படிக்கிறவர்கள் யாரும் அந்த மண்டபத்தில் இல்லை என்பது மட்டுமே ஆறுதல். அம்மா கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்டார். மாப்பிள்ளைத் தோழன் தலைப்பாகையால் புகையை விசிறிக்கொண்டே சொன்னான்:

"பரவாயில்லை அன்ரி. ஆனா ஐயர் உள்ளுக்கு ஓமம் வளர்ப்பார்தானே, நீங்கள் ஏன் வெளியிலயும் வளர்க்கிறியள்?"

திருத்துகிற கட்சி

அம்மா திருத்துகிற கட்சி. "இந்த ஜீப் ஒரு முகூர்த்தமும் விட்டதில்லை, தெரியுமே?" என்பது அவருடைய தேர்தல் விஞ்ஞாபனம். நான் மாற்றுகிற கட்சி. குகன் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கார் விஷயத்தில் தன்னை மிஞ்ச லண்டனில் ஆளில்லை என்று நம்புகிறவர். எந்தக் கட்சி வெல்லப்போகிறதோ அந்தக் கட்சி.

"அம்மா, இதை வீதியில இறக்கிற ஒவ்வொரு நாளும் பழைய டீசல் புகைக்கெண்டு லண்டன் மேயருக்குத் தண்டம் கட்டுறியள்."

"புதுசு வாங்கினா மாசாமாசம் கட்டோணும். அதுக்கு என்ன பேர்?"

"முதலீடு!"

"அப்ப உன்ர லெக்சரரைக் கூட்டிக்கொண்டு வா, வந்து முதலிடட்டும்."

கடைசியில் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் உள்ள ராஜன் அண்ணையின் கராஜுக்கு வழக்கைக் கொண்டுபோனோம். அவர் ஜீப்புக்குக் கீழே போய் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்து, புகை வடிகட்டி மாற்றலாம், இன்ஜெக்டர் மாற்றலாம், கிளச்சும் செய்யலாம் என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. "அதெல்லாம் செய்தா அந்தத் தண்டம் நிக்குமோ அண்ணை?" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். நிற்காதாம். எஞ்சின் எந்தக் காலத்துத் தரத்தில் செய்யப்பட்டது என்றுதான் பார்ப்பார்களாம். நாங்கள் என்ன மாற்றினாலும் அது பழைய காலத்து எஞ்சின்தானாம். "அப்ப நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று அம்மா கேட்டார். ராஜன் அண்ணை கையைத் துடைத்தார்.

"திருத்தட்டோ எண்டு கேட்டா நான் ஓம் எண்டுதான் சொல்லுவன் அக்கா, அது என்ர பிழைப்பு. இது என்ர ஜீப் எண்டா திருத்துவனோ எண்டு கேட்டா, பிழைப்பை மறந்திட்டு மாட்டன் எண்டு சொல்லுவன்."

நல்ல நேரம் முடிவதற்குள்

மாமா உடனே என் கட்சிக்குத் தாவினார். இரண்டே நாளில் ஒரு ஹைபிரிட் காரைக் கண்டுபிடித்தார். வெள்ளை நிறம், கிட்டத்தட்டப் புதிது. இலக்கத் தகட்டின் எண்களைக் கூட்டிப் பார்த்தார், நல்ல எண். வெள்ளிக்கிழமை, வளர்பிறை. ஆனால் ராகு காலம் தொடங்க அதிக நேரம் இல்லை.

கார் விற்கிற இடத்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இரத்தம் கொதிக்கிறது. ஓட்டப்போகிறவர் அம்மா. விற்பனையாளர் கதைத்தது முழுக்க மாமாவோடு! "எதற்குக் கார்?" என்று அந்த மனிதர் ஒழுங்காகத்தான் கேட்டார். தொழிலுக்கு என்று சொன்னால் விலையைக் கூட்டிவிடுவார்கள் என்பது எங்கள் ஆட்களின் அசைக்கமுடியாத நம்பிக்கை அல்லவா? "பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போக" என்றார் மாமா. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாக என்னைக் கையால் காட்டினார். ராகு காலத்துக்கு முன் கையெழுத்து வைத்து, நேரே கோயிலுக்கு ஓட்டினோம். மாலை, சந்தனம், தேங்காய், நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய். ஐயர் அருமையாகப் பூசை செய்தார்.

திங்கட்கிழமை இழுவைக் கொக்கி பூட்டக் கொண்டுபோனோம். இந்த மொடல் எதையும் இழுக்க அனுமதி இல்லை, ஒரு சைக்கிள் ட்ரெயிலரைக் கூட இழுக்கக்கூடாது என்றார்கள். நிறம் கேட்டோம், எண் கேட்டோம், எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டோம். இழுக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை, வாயாடி என்று பெயரெடுத்த நான் உட்பட. காரை மாமாவே வைத்துக்கொள்ளவேண்டி வந்தது. பூசையில் ஏதும் பிழை நடந்ததோ என்று அவர் ஐயருக்குப் போன் எடுத்தார். ஐயர் அமைதியாகச் சொன்னார்:

"தம்பி, விபத்து வரக்கூடாது எண்டு கேட்டியள், அதுக்குச் செய்தனான். இழுக்கவேணும் எண்டு நீங்கள் கேக்கேல்லையே."

மணப்பெண்ணின் ஆட்சேபம்

அதோடு அம்மா சோர்ந்துபோனார். எங்கள் ட்ரெயிலரை இழுக்கக்கூடிய புதுக் கார் என்றால் ஜீப்பைப்போலப் பெரிதாக வேண்டும், அந்த விலைக்கு எங்களால் ஏலாது. களஞ்சியத்துப் பழைய மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்து, ஷிப்ட் ஏதும் கிடக்கோ என்று அம்மா மெதுவாக விசாரிப்பது சமையலறையிலிருந்து எனக்குக் கேட்டது. அன்றைக்கு நான் வாதத்தை விட்டுவிட்டு, ஒருவரும் கேட்காமலே பாத்திரம் கழுவினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதன் பாரம் விளங்கும்.

அந்தக் கிழமை பார்க்கிங் ஊரிலிருந்து ஒரு மணப்பெண் தாயோடு மணவறை பார்க்க வந்தாள். என் வயதுதான். அம்மா வழக்கம்போல யானைகள் முன்னுக்கு நிற்கிற படங்களைத்தான் பெருமையாகக் காட்டினார். சென்னையில் செய்வித்து, கப்பல் கொள்கலனில் வந்தவை. குழந்தைகள் ஏறிக் குதித்தாலும் சரியாமலிருக்க அடியில் சீமெந்து ஊற்றியிருக்கிறது. "நாலு பேர் வேணும் தூக்க, அவ்வளவு பாரம்!" என்றார் அம்மா. அந்தச் சொல் எனக்கு எங்கேயோ போய் உறைத்தது. நாங்கள் இவ்வளவு நாளும் இழுக்கிற காரைப் பற்றியே சண்டை பிடித்தோம், இழுபடுகிறதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை! "அம்மா, யானை இல்லாட்டி சின்னக் காரே இழுக்கும்தானே?" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"யானை இல்லாட்டி இது எங்கட மணவறை எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று அம்மா சீறினார். மணப்பெண் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கோவிக்காதேங்கோ அன்ரி, நானே கேக்க இருந்தனான். யானையை விட்டிட்டு வாங்கோவன். என்ர கலியாணப் போட்டோவில என்னைவிட அவை ரெண்டு பேரும்தான் வடிவா இருப்பினம்."

குளித்துவிட்டுப் போன ஜீப்

ட்ரெயிலரை, லொறிகளை நிறுக்கிற நிறுவைப் பாலத்தில் ஏற்றிப் பார்த்தோம். யானைகளை இறக்கி, இரும்புச் சட்டங்களுக்குப் பதில் அலுமினியச் சட்டங்களை ஏற்றிப் பார்த்தால், சாதாரணப் பெட்ரோல் கார் ஒன்றே தாராளமாக இழுக்கும். இம்முறை கார் பார்க்கப் போனபோது மாமாவை வெளியே நிற்கவைத்தோம். விற்பனையாளர் வாயைத் திறக்க முதலே அம்மா, "நான் இழுக்கப்போறன். இது எவ்வளவு இழுக்கும்?" என்றார். நான் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த எடை விபரத்தைக் குனிந்து வாசித்துச் சரிபார்த்தேன். அதற்குப் பிறகுதான் அம்மா நல்ல நேரம் பார்த்தார். நான் எதிர்க்கவில்லை. வரிசை சரியாக இருந்தால் எனக்கு ராகு காலத்தோடு தனிப்பட்ட பகை இல்லை.

ஜீப்பை உடைப்புக்கு எடுக்க வந்தவர் சென்னைக்காரர். காலையிலேயே அம்மா வாளியும் துணியுமாக வெளியே நின்றார். சில்லுகளைக்கூட உரஞ்சிக் கழுவியிருந்தார். லொறியில் ஏற்ற வந்த மனிதர் மினுங்குகிற ஜீப்பைச் சுற்றி வந்தார். இலக்கத்தைத் திரும்பச் சரிபார்த்தார்.

"ஏக்கா, நசுக்கப்போற வண்டிய எதுக்குக்கா குளிப்பாட்டி வச்சிருக்கீங்க?"

யானை எங்கே?

அந்தப் பார்க்கிங் மணப்பெண்ணின் கலியாணம். புதுக் காரின் முதல் இழுவை. நோர்த் சேர்க்கிளர் வீதி முழுக்க அம்மா கண்ணாடியை இறக்கி, எஞ்சின் ஓடுகிறதா என்று காதைக் கொடுத்தபடியே ஓட்டினார். சத்தமில்லாத கார் அவருக்கு நின்றுபோன கார் மாதிரி இருந்திருக்கவேண்டும். முகூர்த்தத்துக்கு நிறைய நேரம் இருக்கப் போய்ச் சேர்ந்தோம். முன்பு நாலு பேர் செய்த வேலையை நானும் அம்மாவும் மட்டும் செய்து மணவறையைப் போட்டு முடித்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக, வேலை முடிந்தபின் எனக்கு முதுகு என்று ஒன்று மிச்சம் இருந்தது.

பெண்ணின் தாய் பட்டுச்சேலை சரசரக்க வந்து, மேடையின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "யானை எங்க?" என்றார் உரத்து. மகள் சொன்னதை அவர் பகிடி என்றே எடுத்திருக்கிறார். அம்மாவின் முகம் வெளிறியது. அந்த ஒரு கேள்வி மண்டபத்தைச் சுற்றி வந்தால் போதும், அம்மாவின் தொழில் அன்றோடு முடியும். நான் வாதத்துக்கு வாயைத் திறந்தேன், அம்மா என் கையைப் பிடித்து அமத்தினார். ஐயர் கூப்பிட, பெண்ணின் தாய் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்; அம்மாவோ தாலி கட்டும் வரை என் கையை விடவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சற்று வயதான ஒரு பெண் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். எங்கள் இருவருக்கும் முன்பின் தெரியாதவர். "மணவறைக்காரர் நீங்களோ?" என்று கேட்டார். அம்மா தயங்கித் தயங்கி ஓம் என்றார். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினார்.

"என்ர மகளின்ர கலியாணமும் வருது பிள்ளை. ஒண்டும் மறைக்காமல் கடைசி வரிசையில இருந்தும் தாலி கட்டினது வடிவாத் தெரிஞ்சது, எங்களுக்கும் இப்பிடியே போட்டுத் தாங்கோ."

திருத்தியிருக்கவேண்டுமா, மாற்றியிருக்கவேண்டுமா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் முடிந்தபாடில்லை. கார் மட்டும் தீர்ப்புக்குக் காத்திராமல் ஒவ்வொரு சனிக்கிழமையும் இழுத்துக்கொண்டு போகிறது.