போன கல்லா, வர்ற கல்லா

என் மகள் போய்வரும் கம்பெனி பஸ் வேலூர் பாகாயத்தில் வந்து நிற்கும் நேரமானால், இப்போதும் கை தானாகக் கைப்பேசியை எடுத்துவிடுகிறது. அவள் இறங்கி என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருக்கும்போதே கூட எடுத்துப் பார்த்திருக்கிறேன். எல்லாம் அந்த ஒரு மாலைக்குப் பிறகுதான்.

இன்ஜினீயரிங் முடித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தாள். பயிற்சி முடிந்ததும் பர்மனென்ட் ஆக்குவார்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள். வெட்டிய தோல் துண்டுகளை எந்த ஆர்டருக்கு எது என்று பார்த்து, தட்டுகளில் அடுக்கி, தைக்கும் பெண்களுக்கு அனுப்பவேண்டும். அதுதான் அவள் வேலை. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஊரார் கால்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், யாரோ கழற்றிப்போட்ட ஷூவைக் கையில் எடுத்துத் தையலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே இழுத்துப் போனாள். எனக்கு உள்ளூரப் பெருமை.

அன்று பஸ் வந்தது. அவள் இறங்கவில்லை.

"ஏறவே இல்லயே சார்," என்றார் டிரைவர்.

அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. உள்ளே போகும்போது போனை கேட்டில் கொடுத்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் என்ன? ஆம்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நெடுஞ்சாலையில் ஓர் ஆம்புலன்ஸ் எதிரே வேலூர்ப் பக்கம் கத்திக்கொண்டு போனது. அது கண்ணைவிட்டு மறையும் வரை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உள்ளதான் சார் இருக்குது உங்க பொண்ணு. தண்ணி குடிங்க." ஆளனுப்பிக் கூப்பிட்டார். தலையில் நூல் பிசிறு, கையில் கறுப்புச் சாயம், அழுது துடைத்த கண்களோடு வந்தாள்.

"ஏம்பா வந்தே?"

"பஸ்ல வரலியேம்மா நீ."

"ஒரு தப்பு பண்ணிட்டேன்பா. முடிச்சிட்டு வர்றேன். உக்காரு."

திரும்பி ஓடிவிட்டாள். என்ன தப்பு என்பது திரும்பி வரும் பஸ்ஸில்தான் தெரிந்தது. அவளுடைய சூப்பர்வைசரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் காலையில் மெஷின் சத்தத்தில் அவளைத் தாண்டிப் போகும்போது, "கல் கா மால் பஹ்லே," என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உருதுவில், 'கல்' சரக்கை முதலில் அனுப்பு என்று அர்த்தம். சேர்ந்த புதிதில் யாரோ 'கல்' என்றால் நாளை என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவளும் நாளைய ஆர்டரை எடுத்து அனுப்பிவிட்டாள். உருதுவில் நேற்றுக்கும் அதே சொல்தான். பாய் சொன்னது நேற்று மிச்சமான சரக்கை. மாலையில் லாரி வந்து நின்றபோது, ஏற்றவேண்டியது தைக்கப்படாமல் தட்டிலேயே இருந்தது.

கம்மி, ஜாஸ்தி, பேஜார் என்று உருதுச் சொற்கள் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நாள் பேச்சு நடக்காது. இந்த ஒரு சொல் மட்டும் எப்படியோ எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை.

"மேனேஜர் எல்லார் முன்னாடியும் கேட்டார்பா. இன்ஜினீயரிங் படிச்சிட்டு நேத்து எது, நாளைக்கு எதுன்னு தெரியலியான்னு. உன்ன பர்மனென்ட் பண்றத யோசிக்கணும்னு சொல்லிட்டார்."

"பாய் ஒண்ணும் சொல்லலியா?"

"என் வாய்தான் சார் தப்புன்னார். மேனேஜர் காதுலயே வாங்கல."

தைக்கும் பெண்களில் உள்ளூர்க்காரர்கள் சிலர் அவளுக்காக இருந்து தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். லாரி போன பிறகுதான் அவள் வெளியே வந்தாள்.

"விட்டுடும்மா. வேலூர்லயே எதுனா பாத்துக்கலாம்," என்றேன்.

"நாளைக்கு நான் போகலன்னா, தெரியாமப் பண்ணிட்டான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்கப்பா. ஓடிட்டான்னுதான் சொல்வாங்க."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது செய்வதுபோல, வாயை லேசாகத் திறந்துகொண்டு.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்கு நானும் போனேன், அவள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல். பஸ் வந்து நின்றதும் ஜன்னலிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"இன்னா மேடம், இன்னிக்குப் போன கல்லா, வர்ற கல்லா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் மகள் படியில் காலை வைத்தபடியே, "ரெண்டுமில்லக்கா. இன்னிக்கு இன்னிக்குதான்," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யார் கல் என்றாலும் அவள் நின்று கேட்பாளாம்: "போன கல்லா, வர்ற கல்லா?" தைக்கும் பெண்களும் அப்படியே கேட்கத் தொடங்கினார்கள். பாயும் வேறு வழியில்லாமல் தமிழும் உருதுவும் கலந்து, "போன கல் கா மால்" என்று சொல்லப் பழகிவிட்டார். மேனேஜர் ஒரு நாள் அதே கேள்வியை போனில் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு வந்து, என் மகள் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சிரி சிரி என்று சிரித்தாள்.

பயிற்சிக் காலம் முடியும் வாரம். அவளைவிட நான்தான் சாப்பிடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, பையை என்னிடம் கொடுத்தாள்.

"என்னாச்சும்மா? எப்பப் பர்மனென்ட் பண்றாங்களாம்?"

"பாய்கிட்ட கேட்டேன். கல்னார்."

"நாளைக்கா?"

"அதத்தாம்பா நானும் கேட்டேன். போன கல்னுட்டார். மேனேஜர் நேத்தே கையெழுத்து போட்டுட்டாராம்."

அப்போதும் என் கை கைப்பேசியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அவளே அதை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, அம்மாவிடம் முதலில் சொல்லவேண்டும் என்று எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.